ராஜாவின் முதுகு

எங்கிட்ட வந்து கேக்குறீங்களே,
அவ நடிப்பு எப்படின்னு.
நான் படுதா இழுத்தவன்.
இருபத்திரண்டு வருஷம் தட்டி ஓரமா நின்னு
நான் கண்டதெல்லாம் ராஜாவோட முதுகு.

முன்பக்கம் ஜரிகை, சம்கி, கண்ணாடிக்கல்.
பின்பக்கம் வெறும் மல்லுத் துணி, ஏழு ஊக்கு.
முதுகை எவன் பாக்கப்போறான்னு முதலாளி கணக்கு.
மூணாம் சீன்ல அந்தத் துணியில வேர்வை
சின்னத் தீவாட்டம் தொடங்கும்,
பட்டாபிஷேகத்துக்குள்ள கடலாயிடும்.
எனக்கு அதுதான் கடியாரம்.

நோட்டீசுல ரத்னாம்பாள்.
வீட்டுல இஞ்ஞாசி.
ராயபுரம் பனைமரத்தொட்டி,
அப்பன் மசூலாப் படகுக்காரன்.
அலைக்கு மேல கூவிக் கூவி
அந்த வீட்டுல ஒருத்தருக்கும்
மெதுவாப் பேச வராது.
கோயில் சாமியார் நோட்டீசைப் பாத்தும் பாக்காதவர்,
நற்கருணைக்கு நாக்கை நீட்டினா மட்டும்
அடுத்த ஆளுகிட்ட போயிடுவார்.

ராஜபார்ட் ஆகணும்னு அவ ஆசைப்படல.
ராஜா வேஷக்காரன் முன்பணத்தோட
ரங்கூன் கப்பல் ஏறிட்டான். டிக்கெட் வித்தாச்சு.
தோழியா நின்னவளைப் பிடிச்சு மீசை ஒட்டினாங்க.
வசனம் தெரியுமான்னு முதலாளி கேட்டார்.
"எல்லார் வசனமும் தெரியும்" னா,
"உங்க வசவும்."

எம்டன் குண்டு போட்ட ராத்திரி
தங்கசாலைப் பக்கம் தகரக்கொட்டகை.
முதல் சத்தத்துக்கு ஜனம் கைதட்டிச்சு,
கம்பெனி புதுசா வாங்கின இடின்னு.
ரெண்டாவதுக்கு பெஞ்சுங்க கவுந்துச்சு.
எண்ணெய் டாங்கி எரியிற வெளிச்சம்
தகரத்து ஓட்டை வழியா
மேடை பூரா புள்ளி புள்ளியா.
முதலாளி கல்லாப்பெட்டியோட பின்வாசல்ல.
நான் படுதாவை விடப் பாத்தேன்.
முதுகுக்குப் பின்னால கையைக் காட்டினா:
பொறு.
ஒரு பாட்டு பாக்கி.
ஆர்மோனியக்காரன் இல்ல.
கீழ ஒரு சோடாப் பையன்,
ஓட முடியாத ஒத்தைக்கால் ஆளு ஒருத்தர்.
அந்த ரெண்டு பேருக்காக உசிரைக் கொடுத்துப் பாடினா

இல்லைங்க, அதை அழகாச் சொல்லக்கூடாது.
அப்புறம் கேட்டேன். "பாதியில விட்டா
சம்பளத்துல பிடிப்பான்யா" ன்னுட்டா.
எட்டு ரூபா.
அந்த எட்டு ரூபா வரவேயில்ல.

பேசும்படம் வந்தப்போ
புரசவாக்கத்துல ஒரு பங்களாவுக்குக் கூப்பிட்டாங்க.
மைக்குக்கு முன்னால நின்னு ஒரு வரி சொன்னா.
சவுண்டுக்காரத் துரை
காதுல மாட்டினதைக் கழட்டி எறிஞ்சான்.
பத்தடி தள்ளி நில்லு. இருபதடி.
அப்புறம் வராந்தா. அப்புறம் கேட்டு.
"அப்படியே டிராம் ஏறி வந்துட்டேன்" னு
வெத்தலை மடிச்சுக்கிட்டே சொன்னா.
சிரிச்சாளான்னு எனக்குத் தெரியல.
அன்னைக்கும் திரும்பித்தான் உக்காந்திருந்தா.

பின்னால காசிமேட்டுக் கரையில மீன் ஏலம்.
பொம்பளை ஏலம் கூவறதான்னு
சம்மாட்டி ஒருத்தன் கேட்டான்.
ராஜா குரல்ல ஒரே ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னா.
நீங்க அதை எழுத முடியாது.
வஞ்சிரம் அன்னைக்கு நல்ல விலை போச்சு.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில செத்தா, மழைக்காலம்.
புதுசா வந்த சாமியார், விஷயம் தெரியாதவர்,
முழு ஜெபமும் சொல்லிட்டார்.
குழியில தண்ணி.
கயிறு பிடிக்க ஒரு ஆள் குறையுது,
கைப்பழக்கம் இருக்கிறவன் யாருன்னாங்க.

படுதான்னா சரசரன்னு விடணும்.
இது அப்படி இல்ல.
நாலு மூலையும் ஒரே மட்டமா
விரல் விரலா விடணும்.
பெட்டி மல்லாக்கப் போச்சு.
நான் பாத்த பக்கம் மண்ணுக்கு.

கல்லுல பேரை வெட்டினவன்
'ஞ்' ஒண்ணை விட்டுட்டான்.
சரி பண்ணித்தர எட்டணா கேக்குறான்.
உங்ககிட்ட இருக்குமா?